ஓடட்டும் என்றேன்

இந்த அறை ஏசியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள், மேடம். காற்றோடு ஈரச்சாக்கு வாடை வருகிறது. பெரிய வேலை இல்லை. குழாயடியில் காட்டி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் சுவரின் மேல்பக்கம்தான் போகும். தொழில் புத்தி.

ஏசி மெக்கானிக்குக்கு வெயில் காலத்தில் மாப்பிள்ளை மரியாதை. நாற்காலி போடுவார்கள், ஜூஸ் கொடுப்பார்கள். மழை ஆரம்பித்துவிட்டால் தெருவில் எதிரே வந்தாலும் முகம் தெரியாது. எனக்கு மட்டும் எல்லாக் காலத்திலும் நல்ல பெயர் இருந்தது. தரையில் கீறல் விழக் கூடாது என்று ஏணியின் காலில் துணி கட்டுவேன். சுவரைத் துளைத்த தூசியை நானே கூட்டி அள்ளிவிட்டுத்தான் கிளம்புவேன். விசாரித்திருப்பீர்கள்.

பாப்பாவை நான்தான் வளர்த்தேன் என்பதையும் சொல்லியிருப்பார்கள். அப்பா எங்களை விட்டுவிட்டுப் போனவர், திரும்பவில்லை. அம்மா நோயில் போனாள். அப்போது என் தங்கைக்குப் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. நான் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சமைக்கப் பழகினேன். தலை பின்னவும் பழகினேன். வயர் முறுக்கிய கை, இழுத்து இறுக்கித்தான் பின்னும். "அண்ணா, இது ஜடையா, கேபிளா?" என்று கேட்பாள். சிரித்தால் முன்பல் இரண்டும் இருக்காது.

கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிச் சித்தி வந்தாள். "வர்றவ பாப்பாவை எப்படிப் பார்த்துப்பாளோ, சித்தி" என்றேன். அண்ணன் என்றால் இவனல்லவா அண்ணன் என்று சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு தட்டு. எல்லாம் அளவாக இருந்தது.

படித்து முடித்ததும் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. கை சுத்தம், என்னைப் போல. சாயங்காலம் நான் பைக்கோடு கடை வாசலில் நிற்பேன். "பஸ்லயே வந்துடுவேன்ணா" என்பாள். "நான் இருக்கும்போது பஸ் எதுக்கு?" என்பேன்.

அந்தக் கடைக்கு ஒரு ரொட்டிக்காரர் வருவார். பெரிய ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. அடுப்புச் சூட்டில் அவருடைய கண்ணாடிக் கால் வளைந்துபோகுமாம். "எத்தனை தடவைதான்ணா ஒரு மனுஷன் அதே கண்ணாடியை வளைச்சுக்கிட்டு வருவார்?" என்று பாப்பா சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் தடுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் வந்து சொன்ன அன்றே சரி என்றேன். கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினேன். நல்ல மனிதர், மேடம். குடி கிடையாது. குரலை உயர்த்த மாட்டார். அவர்மேல் ஒரு குறை கண்டுபிடிக்க நான் எவ்வளவோ பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவர்கள் வாடகைக்குப் பிடித்தது மூன்றாம் மாடி, மேலே மொட்டைமாடி. பகலில் படுக்கையறை கொதிக்கும். ராத்திரி வேலைக்காரர் பகலில்தானே தூங்க வேண்டும்? நான்தான் ஏசி வாங்கிப் பொருத்தினேன். கல்யாணப் பரிசு. அன்றைக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. குழாய்க்குச் சுற்றுகிற துணியைக்கூட நல்லதாகப் பார்த்து வாங்கினேன்.

முதலில் வாரம் தவறாமல் இரண்டு பேரும் வந்தார்கள். பிறகு விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் பாப்பா எழுந்து, "சரிண்ணா, நாங்க வீட்டுக்குக் கிளம்பறோம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பால்பல் விழுந்ததிலிருந்து அவள் இருந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு, வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்கிறாள். நான் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து தட்டுகளைக் கழுவினேன்.

வெயில் ஏறத் தொடங்கியபோது துறைமுக ஊர்ச் செய்தி வந்தது. தொழிற்சாலை அங்கே ஒரு கிளை திறக்கிறது. இவர் அங்கே அடுப்புப் பிரிவுக்குத் தலைமை. ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். ரொட்டிக்காரர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "மச்சான், நீங்களும் வந்துடுங்களேன். அங்க வெயிலுக்குப் பஞ்சமே இல்ல, உங்களுக்கு வேலை கொட்டிக் கிடக்கும்" என்றார்.

அப்போது நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். ஏன் கூப்பிடுகிறீர்கள் என்பதுபோல ஒரு பார்வை. கண்மூடித் திறக்கும் நேரம்தான். உடனே என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று தெரியாது. அந்தப் பார்வையை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சித்தி சொல்வாள். இல்லை, மேடம்.

"ஏசியை அங்க கொண்டுபோகணும். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக் கொடுத்துடுங்க மச்சான், இப்போ குளிர்ச்சி குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று அவர் கேட்டார். போனேன். பாப்பா கடையில் இருந்தாள். ஏணியை அவர்தான் பிடித்துக்கொண்டார். "பார்த்து மச்சான்" என்றார்.

ஏசி தானாகத் தீப்பிடிப்பது அபூர்வம். ஜனங்கள் ஏதோ வெடித்துவிட்டது என்பார்கள். அநேகமாக அப்படி இருக்காது. வயர் சேருமிடம் தளர்ந்திருக்கும், அங்கே சூடு ஏறும், பிளாஸ்டிக் கருகும், பக்கத்தில் திரைச்சீலை இருக்கும். சூடு ஏறினால் கரண்டைத் துண்டிக்கச் சில ஏற்பாடுகள் உண்டு. புகை வந்தால் கத்துகிற கருவியும் அந்த வீட்டில் இருந்தது. நான் துண்டிக்கும் ஏற்பாட்டை மாற்றினேன். புகைக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிட்டு வர்றேன்" என்றேன். இறுக்க வேண்டிய ஒரு திருகை இறுக்காமல் விட்டேன்.

தீ வைத்ததாக எழுதாதீர்கள். நான் தீக்குச்சியைத் தொடவில்லை. இறங்கி வந்து, தரையைத் துடைத்து, அவர் கலந்துகொடுத்த டீயைக் குடித்தேன். அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். முடிவு என் கையில் இல்லை என்று ஒரு நிம்மதிகூட இருந்தது. நடந்தால் பகலில் நடக்கும். பகலில் பாப்பா கடையில் இருப்பாள். அவளை நான் ஒரு கணம்கூட மறக்கவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நண்பகல், வேறொரு வீட்டில் வேலையாக இருந்தபோது ஃபோன் வந்தது.

"அண்ணா, வேலையா இருக்கியா?"

"சொல்லு பாப்பா. கடையில இல்லையா?"

"லீவு போட்டுட்டேன். சாமான் கட்டிட்டு இருக்கேன். அவர் உள்ள தூங்கறார். ஏசியில ஏதோ கருகற வாசனை வருதுண்ணா. ஆஃப் பண்ணிடட்டுமா?"

சாமான் கட்டுகிறாளாம். பின்னால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற கிறீச்சென்ற சத்தம் எனக்குக் கேட்டது.

"தூசிதான், பாப்பா. இப்பதானே கழுவினேன், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். ஓடட்டும்" என்றேன். "நீ ஹால்லதானே இருக்கே?"

"ஹால்லதான்."

"அப்போ அவர் ரூம் கதவைச் சாத்திவை. குளிர்ச்சி வெளிய போயிடும்."

"சரிண்ணா" என்று வைத்துவிட்டாள்.

யோசித்துத்தான் சொன்னேன். தீ படுக்கையறையில் பிடிக்கும். அவள் ஹாலில் இருக்கிறாள். வாசற்கதவு பக்கத்திலேயே. புகையைப் பார்த்தால் எந்தப் புத்தியுள்ள பெண்ணும் வெளியேதான் ஓடுவாள். பாப்பா கெட்டிக்காரி.

நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கத் தண்ணீர். தீயணைப்பு அதிகாரி, நான் ஏசி மெக்கானிக் என்று யாரோ சொன்னதும் என்னைக் கூப்பிட்டார். "ஏசி காரணமா இருக்குமாப்பா?" என்றார். "இருக்கலாம் சார்" என்றேன். வயர் தளர்ந்தால் சூடு ஏறும், பிளாஸ்டிக் கருகும் என்று உங்களிடம் சொன்னதையே பொறுமையாக அவருக்கும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அக்கம்பக்கத்தார் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

கீழ்வீட்டு அம்மாதான் நடந்ததைச் சொன்னார். பாப்பா வாசல்வரை வந்திருக்கிறாள். படிக்கட்டில் நின்று கத்தியிருக்கிறாள். பிறகு திரும்பி உள்ளே போய், அந்தக் கதவைத் திறந்திருக்கிறாள். கைப்பிடி பழுக்கக் காய்ந்திருக்கும். அவர் காலைப் பிடித்துக் கதவு நிலைவரை இழுத்து வந்திருக்கிறாள். அதற்குள் அவர் முடிந்துபோயிருந்தார். தீயணைப்புக்காரர்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவரை விடுவித்தார்களாம்.

அதுதான் எனக்குப் புரியவில்லை, மேடம். தப்பித்துவிட்டவள் எதற்காகத் திரும்பிப் போனாள்? அப்படிப் போகும்படி நான் அவளை வளர்க்கவில்லை.

இப்போது அவளுக்கு இரண்டு கையிலும் கட்டு. கண்ணாடி பொருத்துகிற வேலையை இனிச் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னார். மருத்துவமனைக்குத் தினமும் போனேன். கஞ்சி கொண்டுபோவேன். நர்ஸ் உள்ளே போய்விட்டு வந்து, "உங்களைப் பார்க்க விரும்பலைங்க" என்பார். முகமும் வெந்து இப்படி இருக்கிறதே என்று கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் அவளுக்கு என்ன கூச்சம்? சாப்பாடு ஊட்டிய கைதானே. திரும்ப ஊட்டினால் போகிறது.

ஃபோன் பேச்சை அவளே உங்களிடம் சொன்னதாகச் சொல்கிறீர்கள். தொண்டை புண்ணாகிப் பேச வராதவள், அதை மட்டும் சொல்லியிருக்கிறாள். சரி. பொய் சொல்ல அவளுக்கு நான் கற்றுக்கொடுத்ததில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போடுகிறேன்.

வாசனை வருகிறது என்று அவள் கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதும்தான். அணைத்துவிடு என்று சொல்லியிருக்கலாம். அணைத்திருப்பாள், என் பேச்சைத் தட்ட மாட்டாள். அவர் எழுந்து டீ குடித்திருப்பார். அப்புறம் இரண்டு பேரும் சாமானைக் கட்டி முடித்துவிட்டு, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருப்பார்களே, மேடம்.