வேரை நான் வைத்த இடம்

உங்கள் விசாரணை அறை நாற்காலி வசதியாக இருக்கிறது. எங்கள் ஆய்வகத்து நாற்காலிக்குப் பதினொரு வருஷமாக ஒரு கால் ஆட்டம். கண் ஆஸ்பத்திரியில் எல்லாமே அப்படித்தான். டாக்டர்களின் பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஏழு பேருக்கு ஒரே வாரத்தில் கண்ணில் சீழ் பிடித்தது. தியேட்டரைப் பூட்டிவிட்டு, கிருமி எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டார்கள். ஏழு கண்கள், கை கழுவும் குழாய், ஊழியர்களின் கைகள், எல்லாவற்றிலிருந்தும் கிருமியை எடுத்து, அதன் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து மென்பொருளில் போட்டால், எந்தக் கிருமி எதற்கு உறவு என்று கிளை கிளையாக ஒரு மரம் வரைந்து தரும். வீட்டில் மாமனார் கேலி செய்வார்.

"மாப்ளே, ஆபீஸ்ல மரம் வளர்க்கிறீங்களாமே, எப்ப காய்க்கும்?"

முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். இருந்தும் அவ்வளவுதான் புத்தி.

கூட்டத்தில் தியேட்டர் நர்ஸ் வாயைத் திறந்தாள். "சார், கம்ப்யூட்டர் சொல்றப்ப சொல்லட்டும். முதல்ல அந்தக் குழாயைக் கழட்டிப் பாருங்க. ஒரு மாசமா தண்ணி வழவழன்னு வருது."

"அப்ப இவருக்கு இங்க வேலையே இல்லைங்கறே" என்றார் தலைமை டாக்டர், என்னைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மரம் வந்தது. குழாய்தான்.

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், முடிந்தால். யார் யாருக்குச் சொந்தம் என்று மென்பொருளுக்குத் தெரியும். யார் மூத்தவர் என்று தெரியாது. சம்பந்தமே இல்லாத ஒரு வெளியூர்க் கிருமியைக் காட்டி, வேர் இந்தப் பக்கம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னபோது குழாய்க் கிருமி அடியில் நின்றது, மற்றவை அதிலிருந்து கிளைத்தன. நர்ஸின் கையிலும் அதே கிருமி இருந்தது. அந்தத் தண்ணீரில் கழுவிய கைதானே. வெளியூர்க் கிருமியை எடுத்துவிட்டு, அவள் கையில் கிடைத்ததை வேர் என்று குறித்தேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் செய்கிற தவறு இது. மரம் திரும்பிக்கொண்டது. இப்போது அவள் அடியில், ஏழு கண்களும் குழாயும் அவளிடமிருந்து.

தலைமை டாக்டர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். போகும்போது என் அறை வாசலில் நின்றாள்.

"நிஜமாவே என் கைதான்னு வருதா சார்?"

"வருது."

"அப்ப சரி. ஆனா அந்தக் குழாயையும் மாத்தச் சொல்லிடுங்க சார்."

அப்போதும் குழாய். சிலருக்கு எவ்வளவு பட்டாலும் அடக்கம் வராது.

தியேட்டரைத் திறந்தார்கள். குழாய் அப்படியே இருந்தது. அந்த வாரம்தான் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அப்பாவோட கண்புரை ஆபரேஷனை உங்க ஆஸ்பத்திரியிலேயே பண்ணிடலாமா? பயமில்லையேன்னு கேக்கறார்."

"பயமில்லை" என்றேன். நானே கையைப் பிடித்து அழைத்துப்போனேன். அன்றைக்கு ஐந்து பேருக்கு ஆபரேஷன், அவர் நான்காவது. ஐந்து கண்களும் போயின. அதற்குப் பிறகுதான் வெளி ஆய்வகத்துக்காரர்கள் வந்து குழாயைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. எனக்கு ஒரு நாள்.

மாமனாருக்கு இன்னொரு கண் இருக்கிறது, மங்கல்தான். பேப்பரை நான்தான் படித்துக் காட்டுகிறேன். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். தவறாகச் சொல்லவில்லை.

ஒரு வார்த்தை சொல்லி ஆபரேஷனை நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த நர்ஸ் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்குமே.