சத்தத்தை அமுக்காத மொய்னுதீன் ராவுத்தர்

மேடையில் வீற்றிருக்கும் ஜமாஅத் பெரியவர்களே! ஏலக்காய் வியாபாரிகளே! ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தோட்டத்துத் தாய்மார்களே! என் சக ஓட்டுநர்களே! ஜீப் ஓட்டுநர் சங்கச் செயலாளர் சுருளிவேல் உங்கள் முன் நிற்கிறேன்.

போடி மலைக்குப் போகும் வண்டிகளின் வைத்தியர், நம் மொய்னுதீன் ராவுத்தர் மறைந்துவிட்டார். அவரிடம் திட்டு வாங்காத ஓட்டுநர் இங்கே யாராவது உண்டா? இருந்தால் கை தூக்குங்கள் பார்ப்போம்! ஆயில் மாற்றத் தவறினால் அவர் வாயில் நம் பரம்பரையே நாறும். அந்தத் திட்டுக்காக இன்று மனம் ஏங்குகிறது.

போன வருடம், ஏலக்காய் எடுப்பு மும்முரமான நேரம். நம் ஓட்டுநர் பால்பாண்டி ராவுத்தர் பட்டறைக்கு ஓடினான்.

"மாமா, இன்ஜின் லேசாத் தட்டுது. கெட்டி ஆயிலை ஊத்தி விடுங்க, சத்தம் அமுங்கிரும். சீசன் முடியட்டும்."

"சத்தத்தை அமுக்கலாம் மாப்ளே, தேய்மானத்தை அமுக்க முடியுமா? காலைப் பனியில அந்தக் கெட்டி ஆயிலு மேல ஏறுறதுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசி இறுகிப் போகும். சாவியக் கொண்டா!"

வடித்த ஆயிலை விரலால் தொட்டுப் பார்த்ததில் உலோகத்தூள் தட்டுப்பட்டது. இன்ஜினைப் பிரித்தார்கள். பேரிங்கின் பூச்சு முழுக்கத் தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. போடிமெட்டு வளைவில், ஜீப் நிறையப் பெண்களோடு அந்த இன்ஜின் இறுகி நின்றிருந்தால்? பால்பாண்டியின் பிழைப்பும் கெடக்கூடாது என்று தன் சொந்த ஜீப்பைக் கொடுத்தார் ராவுத்தர். "வெரசாப் போ, ஆளுக காத்துக் கிடக்கும்" என்றார். அதுதான் அந்த மனுசன்!

இன்று அந்தப் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. ஏன்? அடக்கம் முடிந்து மையவாடி வாசலைத் தாண்டுவதற்குள் நம்மில் சிலர் பேசினோம். "இனி ரிப்பேருக்குத் தேனிப் பட்டறைக்குத்தான் வண்டிய விடணும். பொம்பளப்புள்ள கட்டுற இன்ஜினை நம்பி மலை ஏறுறதா?" அது அவர் மகள் அல்ஃபியாவின் காதில் விழுந்துவிட்டது. அத்தாவின் சாமான்களை விற்றுவிடுவதாக அந்தப் பிள்ளை முடிவெடுத்திருக்கிறது.

படுக்கையில் கிடந்தபோது ராவுத்தர் என்னிடம் சொன்னதை இன்று சொல்லியே ஆக வேண்டும்.

"சர்க்கரையில என் விரலு மரத்து வருசம் ரெண்டாச்சு மாப்ளே. ஆயிலைத் தொட்டா தூளு இருக்கான்னே தெரியல. தொட்டுப் பாக்குறது, பிரிக்கிறது, கட்டுறது எல்லாம் அல்ஃபியாதான். நான் பக்கத்துல நின்னு வையிறதோட சரி. சொன்னா நீங்க வர மாட்டீகன்னு சொல்லல."

தோழர்களே! பால்பாண்டி வண்டியில் தேய்மானத்தைக் கண்டது யாருடைய விரல்? இரண்டு வருடமாக நாம் யாரை நம்பி மலை ஏறினோம்? யாரை நம்பி இந்தத் தாய்மார்களை ஏற்றிப் போய், உயிரோடு இறக்கிவிட்டோம்? மகளின் வேலையைச் சொல்லிப் பெருமைப்பட வேண்டிய தகப்பன், நமக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாரே! எனக்கு வெட்கமாக இருக்கிறது.

படைத்தவன் அவருக்குக் குளிர்ந்த நிழல் தரட்டும். கண்ணீர் விட்டுக் கலைந்து போவதற்கா கூடினோம்? சங்கத்து வண்டி ஒன்றுகூடத் தேனிக்குப் போகாது. இது என் வாக்கு. மறுப்பவர்கள் இங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

யாரும் எழவில்லை. பார்த்தாயா அல்ஃபியா?

என் ஜீப்பும் நேற்றிலிருந்து தட்டுகிறது. இந்தக் கூட்டத்துக்கு நடந்துதான் வந்தேன். வண்டியை உன் பட்டறை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். காலையில் கதவைத் திற, ஆத்தா.