பக்கத்து வீட்டுத் திங்கட்கிழமை

"மூணு பொண்டாட்டியில ஒருத்தியா இருந்திருந்தாக்கூட எனக்கு வாரத்துல ரெண்டு நாள் கிடைச்சிருக்கும்டி!"

கலிஃபோர்னியாவில், மில்பிடாஸ் ஊர் இந்திய மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்தான் சொன்னாள். கொத்தமல்லி எடுக்க மறந்திருந்தேன். ஆனால் அதற்கப்புறம் வரிசையை விட்டுப் போக மனம் வருமா?

கூட நின்ற தோழி சிரித்தாள். "என்னடி உளர்றே?"

"நேத்து டிவியில மார்மன்காரங்களைப் பத்தி டாகுமெண்டரி, இங்க ஒரு கிறிஸ்தவப் பிரிவுடி அது. ரெண்டு மணி நேரமும் அந்தக் காலத்துல ஒருத்தனுக்கு எத்தனை பொண்டாட்டிங்கற கதைதான். அந்த வழக்கத்தை அவங்க சர்ச் விட்டு நூறு வருஷமாச்சுங்கறதை ஒரே வரியில முடிச்சுட்டான். எங்க பக்கத்து வீட்டுக்காரியும் மார்மன்தான். ஒரே புருஷன், ஒரே பொண்டாட்டி. திங்கட்கிழமை சாயங்காலம் அவன் வீட்டை விட்டு நகர மாட்டான். குழந்தைங்களோட பாட்டு, விளையாட்டு, கேக். அது அவங்க வழக்கமாம். ஜன்னல் வழியா பார்த்தா வயிறு எரியுது. இதை எந்த டிவிக்காரன் காட்டறான்?"

"உன் வீட்டுக்காரரையும் திங்கட்கிழமை சீக்கிரம் வரச் சொல்லேன்."

"ஸ்டார்ட்டப்பை விட்டுட்டா? கேட்டேன். 'அதுக்கு நான் மார்மனா மாறணுமே'ன்னு சிரிச்சார். 'மாறிடுங்க, நானும் கூட வரேன்'னுட்டேன்."

"ஐயோ, அவங்க காபியே தொட மாட்டாங்கடி!"

அவள் தன் கூடையிலிருந்த காபிப் பொடிப் பொட்டலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காபியை விட்டுடறேன்டி" என்றாள்.