நடுவில் நிறுத்தக் கூடாத படலம்

காதால் கேட்கிற புத்தகத்தில் ஒரு வசதி உண்டு மேடம். மூக்குக்கண்ணாடி வேண்டாம், லைட் வேண்டாம், பக்கம் புரட்டக் கையும் வேண்டாம். பக்கவாதம் வந்த பிறகு என் வீட்டுக்காரருக்குக் கைகால்களில் இடது ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அசைந்தது. பேச்சும் போய்விட்டது. ஆனால் காது நன்றாகக் கேட்கிறது, புத்தியும் தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் பெயர் சவுரிராயன். திண்டிவனத்தில் எங்கள் கோயில் உபதேசியார். பங்குச் சாமியார் ஊரில் இல்லாத நாளில் செபம் நடத்துகிறவர். தவக்காலம் வந்தால் எங்கள் தெருவே எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கும். பழைய கிறித்தவக் காவியம் ஒன்றை ராகம் போட்டுப் பாடுவார். குரல் அப்படியொரு குரல், அதை நான் மறுக்க மாட்டேன். அதில் நரகப் படலத்துக்கு மட்டும் ஒரு முறைமை இருக்கிறது. கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். மோட்சப் படலத்தின் முதல் பாட்டு வரும்வரை பாடுகிறவர் நிறுத்தக் கூடாது, கேட்கிறவர்கள் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அங்கே எரிகிற ஆத்துமாக்கள் இந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்பார்கள். நான் கல்யாணமாகி வந்த வருஷமே இதை என் தொடையில் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எங்கள் மகன் இனியவன் விழுப்புரத்தில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அப்பா பாடுவதை ஒலிப்புத்தகமாகப் போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மைக்கை வைத்து, எதை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனான். இருமல் சத்தம் விழக் கூடாதென்று தெருக்காரர்களை அன்றைக்கு வர வேண்டாம் என்றுவிட்டோம். வீட்டில் அவரும் நானும்தான். நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவோரமாகப் பாய் விரித்து உட்கார்ந்தேன்.

எங்கள் மகள் இசைவாணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தேவா என்கிற பையனை ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டு கூட்டேரிப்பட்டுக்குப் போய்விட்டவள். இந்த வீட்டில் அவள் பெயரே எடுக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அந்தப் பையன் குடித்துவிட்டு அவளை அடிக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அன்றைக்கு நரகப் படலம் பாதி போய்க்கொண்டிருக்கும்போது அவள் வந்து கதவைத் தட்டினாள். வெகுநேரம் தட்டினாள், கூப்பிட்டாள், அழுதாள். அவர் பாடிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. பிறகு வெளியே சத்தம் நின்றது. மோட்சப் படலம் வந்ததும் எழுந்து கதவைத் திறந்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. அவள் பஸ் ஏறிப் போய், மல்லாட்டைச் செடிக்கு அடிக்க வைத்திருந்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள்.

அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்று அவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"நடுவுல எழுந்திருக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா காந்திமதி?"

தெரியும் என்றேன். போய்ச் சோறு வடித்தேன்.

இனியவன் அந்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு உடைந்துபோனான். தட்டுகிற சத்தத்தையெல்லாம் துடைத்து எடுத்த பிறகுதான் புத்தகத்தை வெளியில் விட்டான். ஜனங்கள் அதைக் கேட்டு, தூக்கம் வருகிறது, மனசு லேசாகிறது என்றெல்லாம் எழுதினார்கள். துடைக்காததை என் போனில் ஏற்றிக் கொடு என்றேன்.

"எதுக்கும்மா? கேட்டா தாங்க மாட்டே நீ."

"அவ கொரலு எங்கிட்ட இருக்கட்டும்டா."

கொடுத்தான். பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அவர் விழுந்தார். நான் அவரைப் பட்டினி போடவில்லை மேடம். கேப்பைக் கஞ்சியை வடிகட்டித்தான் ஊட்டினேன். முதுகில் புண் வந்ததா என்று உங்கள் போலீஸ் டாக்டரைக் கேளுங்கள், வந்திருக்காது. எல்லாம் முடித்து, முகம் துடைத்துவிட்டு, இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிவிடுவேன். நரகப் படலம் மட்டும்தான், மோட்சப் படலத்தின் முதல் பாட்டுவரை. முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. எந்த இடம் ஓடுகிறது என்று போனைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் தலையை உதறித் தள்ளிவிட்டார். அதனால் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். காதில் இருக்கிற புண் அதனால் வந்ததுதான், மருந்தும் நானே போட்டேன்.

தட்டுகிற இடம் வரும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடும். அந்த ஒற்றை விரலால் கட்டில் கம்பியைத் தட்டுவார். நிறுத்து என்று கெஞ்சுகிறார். எனக்குப் புரியாமல் இல்லை. ஒருநாள் சாமியார் அவர் நாவில் வைக்க நன்மை அப்பம் கொண்டு வந்தபோதும் தட்டிக்கொண்டிருந்தார். "தாளம் போடுறாரு சாமி" என்றேன். சாமியார் கண் கலங்கிவிட்டார்.

"ஒங்க பொறுமை யாருக்கும்மா வரும்?"

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும் என்னைப் பற்றிச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடைசி நாளுக்கு வருகிறேன். அவரைக் குளிப்பாட்ட வருகிற அம்சா வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினாள். நான் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படலத்தை ஆரம்பித்தேன். பாதியில் அவருக்குத் தொண்டையில் சளி கட்டியது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துணியால் துடைத்தால் சரியாகிவிடும். அம்சா எனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறாள், நானும் பலமுறை செய்திருக்கிறேன். விரல் கம்பியைத் தட்டியது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

குடையை மறந்துவிட்டுப் போன அம்சா அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்தாள். ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கதவைப் போட்டு இடித்தாள்.

"யம்மா, ஐயாக்கு மூச்சு வாங்குது. நீ இன்னா பாத்துக்கினு ஒக்காந்துக்கினு இருக்கிற? ஜல்தி கதவத் தெறம்மா."

நரகப் படலம் ஓடுது, நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்று அவளுக்குச் சொன்னேன். அவள் வேறு சாமி கும்பிடுகிறவள், அவளுக்கு என்ன தெரியும்.

சாகிறவர் காதில் இயேசு, மரி, சூசை என்று சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். அதைக் கேட்டுக்கொண்டே போனால் நல்ல மரணம் என்போம். அவருக்கு அது வேண்டியிருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் அதைச் சொல்லி அனுப்பியவர் அவர். ஆனால் காதில்தான் இடம் இல்லையே. விரல் நின்றது. படலம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது, அதையும் ஓடவிட்டேன். மோட்சப் படலத்தின் முதல் பாட்டு வந்ததும் எழுந்தேன். இயர்போனை எடுத்தேன், கண்ணை மூடினேன், மெழுகுவர்த்தி ஏற்றினேன், அம்சாவுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். ஆமாம், நான் நினைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். நான்தான் சாகவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

அந்த ஒலிப்பதிவை நீங்களும் கேட்டுவிட்டீர்கள் என்று தெரிகிறது. முகம் அப்படி இருக்கிறது. அந்தப் பெண் யாரைக் கூப்பிடுகிறாள் என்று என்னைக் கேட்கிறீர்கள். "அம்மா, கதவத் தெறம்மா, அம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள், கடைசிவரைக்கும். பெண் பிள்ளைகள் வாய்ப் பழக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் மேடம். திறக்காதது அவர்தான்.