ஞானத்தின்ரை ஸ்னோ மெசின்

— விடு கமலி, இது இனிச் சரிவராது. எட்டுத்தரம் கயிறு இழுத்துப்போட்டன். என்ரை தோள்மூட்டுக் கழண்டு கையிலை வந்திடும் போலை கிடக்கு.

— எட்டில்லை அண்ணை, மூண்டு தரம். நான் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்.

— மூண்டோ எட்டோ, சீவன் போனது போனதுதான். ஞானம் வாங்கேக்கையே இது ஆரோ ஒரு கமக்காரன்ரை பழசு. அதுக்குப் பிறகு எத்தினை குளிர்மாரி கண்டிட்டுது.

— அவர் போனபிறகு ரெண்டு மாரியா ஒருத்தரும் தொடாமல் கிடந்தது. எழும்பு எண்டவுடனை எழும்புமே? திருத்தேலுமோ ஏலாதோ, அதைச் சொல்லுங்கோ.

— ஏலாது.

— நீங்கள் இன்னும் மூடியே கழட்டேல்லை.

— முப்பத்திநாலு வருசம் கரண்டு எடுக்கிற காத்தாடி செய்யிற பக்டறியிலை மெசினுகளோடை மாரடிச்சவனுக்கு மூடி கழட்டித்தான் தெரியவேணுமோ? சத்தத்திலையே தெரியும்.

— சத்தமே வரேல்லையே அண்ணை.

— அதைத்தான் சொல்லுறன். சும்மா அலட்டாமல் நான் சொல்லுறதைக் கேள். உன்ரை மகள் சுஜீதா ஏதோ புது மெசின்ரை படம் அனுப்பினவள் எண்டாய், பற்றரியிலை ஓடுறது. கயிறு இழுக்கிற வில்லங்கமில்லை, பெற்றோல் மணமில்லை. பொத்தானை அமத்தினால் சரி. ஓகூசிலை இருந்துகொண்டு பிள்ளை உனக்கெண்டு தேடிப் பாத்து அனுப்பியிருக்கிறாள்.

— ஓம், அனுப்பினவள். “அம்மா, இதுக்குச் சத்தமே இல்லை, பக்கத்து வீட்டுக்கும் கேக்காது” எண்டு எழுதியும் இருக்கிறாள்.

— பிறகென்ன வேணும்?

— எனக்கு அது வேண்டாம்.

— ஏனாம்?

— வேண்டாம் எண்டால் வேண்டாம். எனக்கு இதுதான் வேணும். இது ஓடவேணும்.

— இதென்ன கோயில் தேரே, இதுதான் ஓடவேணும் எண்டு நிக்க? பிள்ளை, உனக்கும் அம்பத்தெட்டாகுது. இந்தப் பாரத்தை நீ தள்ளுவியே? செவ்வாய்க்கிழமை ஸ்னோ எண்டு ரேடியோவிலை சொல்லிப்போட்டான். பிராண்டே பக்கம் ஒரு சாண் கொட்டுமாம். இவ்வளவு நாளும் பக்கத்து வீட்டு யென்ஸ் உன்ரை பக்கத்தையும் சேத்துத் துப்பரவாக்கினான். இப்ப அவனே இடுப்பு ஒப்பிறேசன் செய்து தடியோடை நிக்கிறான். ஏழு மணிக்கு முதல் நடைபாதை வழிச்சிருக்கவேணும். பேப்பர் போடவாற பிள்ளை சறுக்கி விழுந்தால் ஆர் பொறுப்பு?

— அதுதானே உங்களைக் கூப்பிட்டனான்.

— கூப்பிட்டாய், வந்தன், பாத்தன். செத்துப்போச்சு. றெயிலரைக் கொண்டந்து பின்னாலை விடுறன். இண்டைக்கே கென்புறூக்கிலை, பழசு எறியிற இடத்திலை, இரும்புச் சாமானோடை எறிஞ்சுபோட்டு வருவம். ஞாயிறும் நாலு மணி மட்டும் திறந்திருக்கும்.

— அண்ணை.

— என்ன?

— ரெண்டு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் வாறியள். புல்லு வெட்டுறியள், கூரைப் பீலி துப்பரவாக்கிறியள், காருக்கு மாரி ரயர் மாத்தித் தாறியள். அண்ணி கூடச் சொல்லுறா, “உங்கடை அண்ணை எங்கடை வீட்டு பைப் ஒழுகினால் திரும்பியும் பாரார், கமலி எண்டால் குளிருக்கையும் ஓடுவார்” எண்டு. ஆனால் இந்தக் கராஜுக்குள்ளை மட்டும் நீங்கள் கால் வைக்கேல்லை. புல்லு வெட்டுற மெசினையும் உங்கடை வீட்டிலையிருந்து காரிலை ஏத்திக்கொண்டு வாறியள். உள்ளுக்கை எங்கடை மெசின் நிக்குது.

— பரமேஸ்வரி ஆயிரம் கதைப்பாள். அவளுக்கென்ன.

— இண்டைக்கும் வாசலிலை நிண்டு யோசிச்சுத்தான் உள்ளுக்கை வந்தனீங்கள்.

— குளிர்.

— சரி விடுங்கோ. உங்களுக்குக் கஸ்ரமெண்டால் நான் வேறை ஆளைப் பாக்கிறன். இகாஸ்டிலை ஒரு மனிசன், டேனிஸ்காரன், இந்த மாதிரிச் சாமானுகள்தான் திருத்திறவராம். போன் பண்ணினனான். நாளைக்குக் காலமை வாறன் எண்டவர்.

— ஆர்? ஆரைக் கூப்பிட்டனி?

— ஏன் இப்பிடிக் கத்துறியள்?

— நான் கத்தேல்லை. வேண்டாமெண்டு சொல்லு. இப்பவே அடிச்சு வேண்டாமெண்டு சொல்லு.

— வந்து பாத்துப்போட்டுப் போகட்டுமே. என்ன பிழையெண்டு சொல்லுவார்.

— அதுதான் வேண்டாமெண்டுறன்.

— எது?

— அவன் மூடியைக் கழட்டினவுடனை கண்டிடுவான்.

— எதைக் காணுவார் அண்ணை?

— கொஞ்சம் பொறு. நானே கழட்டிக் காட்டுறன்.

— அண்ணை, இதிலை இருங்கோ. இந்த வாளியைக் கவிட்டுப்போட்டு இருங்கோ. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. தண்ணி கொண்டரட்டே?

— தண்ணி வேண்டாம். ஆணி கழட்டுற அந்த ஆறாம் நம்பர்ச் சாவியை எடு. கறுப்புப் பெட்டிக்குள்ளை கிடக்கும். ஞானம் வைச்ச இடத்திலை வைச்சபடிதான் கிடக்கும்.

— இந்தாங்கோ.

— இந்தா, மூடி வந்திட்டுது. பார். வடிவாக் குனிஞ்சு பார். இதுதான் கார்பரேற்றர். பெற்றோலும் காத்தும் கலக்கிற இடம். அதுக்குக் கீழை, காது மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கிற இந்தத் துண்டிலை, மஞ்சளா ஒரு கோடு தெரியுதே?

— பசை மாதிரிக் கிடக்கு.

— பசைதான். நான் வைச்ச பசை.

— நீங்களோ? எப்ப?

— ரெண்டு வருசத்துக்கு முதல், தைப்பொங்கல் விழாவுக்கு. தமிழ்ப்பள்ளிக்கூட மண்டப முத்தம் முழுக்க ஸ்னோ, கார் விட இடமில்லை. ஞானத்திட்டைக் கேட்டன், “கொண்டுபோங்கோ மச்சான், இதென்ன கேள்வி” எண்டான். சனிக்கிழமை கொண்டுபோனன். வேலை முடிஞ்சு றெயிலரிலை ஏத்தேக்கை பலகை வழுக்கிப்போச்சு. கமலி, மெசின் அப்பிடியே பக்கப்பாட்டுக்கு விழுந்தது, கல்லுக்கு மேலை. இந்தக் காது வெடிச்சு, பெற்றோல் சொட்டுச் சொட்டா ஒழுகத் துவங்கீட்டுது.

— அவரிட்டைச் சொல்லேல்லையோ?

— வெக்கம் பிள்ளை. நான் மெசின்காரன், பக்டறியிலை பத்துப் பேருக்குப் பொறுப்பா நிண்டவன். அவன் துணிக்கடையிலை பெட்டி அடுக்கினவன். அவன்ரை சாமானை நான் உடைச்சுப்போட்டன் எண்டு எப்பிடிப் போய்ச் சொல்லுறது? அவன் அந்த மெசினை எப்பிடி வைச்சிருந்தவன் எண்டு உனக்குத் தெரியும்தானே. மாரி முடிய ஒவ்வொரு ஆணியாத் துடைச்சு எண்ணெய் பூசி, பழைய படுக்கை விரிப்பாலை மூடி வைப்பான்.

— என்ரை கலியாணப் படுக்கை விரிப்பு அது. அதுக்குச் சண்டை பிடிச்சனான்.

— வீட்டை கொண்டுபோய்ப் பசை வைச்சன். ஒருநாள் காயவிட்டன். இழுத்துப் பாத்தன், ஓடிச்சுது. சரி, கிழமைக் கடைசியிலை புதுச்சாமான் வாங்கி ஒருத்தருக்கும் தெரியாமல் மாத்திவிடுவம் எண்டு நினைச்சன். திங்கள் பின்னேரம் கொண்டந்து இந்த இடத்திலை, இதிலைதான், விட்டன். ஞானம் வந்து, “மச்சான், கழுவியெல்லோ கொண்டந்திருக்கிறியள்” எண்டு என்ரை முதுகிலை தட்டினான். நான் சிரிச்சுப்போட்டுப் போட்டன்.

— செவ்வாய் விடியத்தான் அவர் போனவர்.

— செவ்வாய் விடிய. யென்ஸ் எனக்குப் போன் அடிக்கேக்கை எட்டரை. நான் வரேக்கை அம்புலன்ஸ் நிக்குது, ஸ்னோ வழிக்கிற சவள் பாதையிலை குறுக்கை கிடக்குது. பாதி வழிச்சிருந்தான் கமலி, பாதிதான். கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளுக்கை இது நிண்டுது. நான் ஞானத்தின்ரை முகத்தைப் பாக்க முதல் இதைத்தான் பாத்தன்.

— எனக்குத் தெரியாதே.

— உனக்கெப்பிடித் தெரியும்? நீ நைற் வேலையாலை வந்து படுத்துக் கிடந்தனி. யென்ஸ் வந்து கதவை இடிச்சுத்தான் எழும்பினனி எண்டு சொன்னாய். பிறகு செத்தவீட்டிலை வந்த சனமெல்லாம் ஒரு கேள்விதான் கேட்டுது. மெசின் இருக்கேக்கை இந்த மனிசன் ஏன் சவளைத் தூக்கினவர்? ஏற்கெனவே நெஞ்சுக்குக் குளிசை போடுற ஆள், பாரம் தூக்கக்கூடாது எண்டு டொக்டர் சொன்ன ஆள். நீ ஒவ்வொருத்தருக்கும் ஒரே மறுமொழிதான் சொன்னாய். “மெசின் ஸ்டார்ட் வரேல்லை.” ஹொல்ஸ்டெப்ரோவிலையிருந்து வந்த ஆக்களுக்குச் சொன்னாய், ஐயருக்குச் சொன்னாய், சுஜீதாவுக்கு அவளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு சொன்னாய். நான் பக்கத்திலை நிண்டன். ஒவ்வொருதரமும் பக்கத்திலை நிண்டன்.

— அண்ணை...

— நானெல்லே அவனுக்குக் கொள்ளி எடுத்துக் குடுத்தனான், கமலி. பெடியன் இல்லாத வீடு எண்டு எல்லாத்துக்கும் முன்னுக்கு நிண்டது நான். எல்லாரும் சொன்னவை, ஆனந்தராஜா மாதிரி ஒரு மச்சான் கிடைக்க ஞானசுந்தரம் குடுத்து வைச்சவர் எண்டு. எனக்கு அந்த இடத்திலையே நிலம் வெடிக்காதோ எண்டு கிடந்தது.

— அண்ணிக்குத் தெரியுமோ?

— ஒருத்தருக்கும் தெரியாது. ஆருக்குச் சொல்லுறது? கோயிலுக்குப் போனாலும் கண்ணை மூடினால் அந்தப் பாதி வழிச்ச பாதைதான் தெரியும். எங்கடை வீட்டு வாசலிலை ஸ்னோ விழுந்தால் நான் கையாலைதான் வழிக்கிறன். எனக்கும் ஏதாவது வரட்டும் எண்டுதான் வழிக்கிறன். எனக்கு ஒண்டும் வரேல்லை.

— அப்பிடிக் கதையாதேங்கோ.

— என்னை ஏசு கமலி. ஏசு. “என்ரை தாலியை அறுத்தவனே” எண்டு ஏசு. அடிக்கிறதெண்டாலும் அடி. நான் மூத்தவன் எண்டு பாக்காதை.

— அண்ணை, கொஞ்சம் எட்டி நில்லுங்கோ. வெளிச்சத்தை மறைக்கிறியள்.

— என்ன பாக்கிறாய்?

— இந்தப் பசை விட்டிருக்கோ?

— எங்கை... இல்லை. பிடிச்சபடிதான் கிடக்கு.

— பெற்றோல் ஒழுகின கறை இருக்கோ?

— இல்லை. காஞ்சுபோய்க் கிடக்கு. அதுக்கென்ன கமலி, பாக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்கை மயிரளவு வெடிப்பு இருந்தாலும் காணும், காத்து இழுத்தால் ஸ்டார்ட் வராது. அண்டைக்குக் குளிர் சைபருக்குக் கீழை எட்டுப் பாகை. ஞானம் எத்தினைதரம் இழுத்தானோ. அவன் இழுக்கிறதை ஆறாயிரம் தரம் நினைச்சுப் பாத்திட்டன், படுத்தாலும் எழும்பினாலும்.

— போதும் அண்ணை.

— போதாது. இன்னும் ஒண்டு கிடக்கு. நான் உன்னட்டைச் சொல்லிப்போட்டன், இனிப் பயமில்லை. நாளைக்கு ஓகூசுக்குப் போறன். சுஜீதாவிட்டை நேரை சொல்லப்போறன்.

— என்னத்தைச் சொல்லப்போறியள்?

— உன்ரை அப்பா சும்மா சாகேல்லை, இந்த மாமா செய்த களவாலைதான் செத்தவர் எண்டு. அவள் எனக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் “அப்பாவுக்குப் பிறகு நீங்கள்தான்” எண்டு எழுதுறாள். அந்த அட்டையெல்லாம் மேசை லாச்சிக்குள்ளை கிடக்கு. எடுத்து வாசிக்கேலாமல் கிடக்கு. என்னை அவள் வெறுக்கட்டும், படி மிதிக்காதை எண்டு சொல்லட்டும். அதுதான் நியாயம்.

— வேண்டாம். பிள்ளைக்குச் சொல்லவேண்டாம்.

— சொல்லத்தான் வேணும்.

— புதுசு வாங்குவம் அண்ணை. நீங்கள் சொன்னமாதிரி பற்றரியிலை ஓடுறது. இதைக் கொண்டுபோய் எறிஞ்சுபோட்டு வாங்கோ. இகாஸ்ட் மனிசனையும் வரவேண்டாமெண்டு சொல்லுறன். இந்தக் கதையை இதோடை விடுவம்.

— நீ என்னிலை இரக்கப்பட்டுச் சொல்லுறாய். உன்னைத் தெரியாதே எனக்கு. சின்னனிலையும் நான் செய்த குழப்படிக்கு நீதான் அம்மாவிட்டை அடி வாங்கினனி. இது அந்தமாதிரி விசயமில்லை. ஒரு உயிர்.

— இரக்கமில்லை அண்ணை.

— பின்னை என்ன? ஏன் அழுறாய்? நான் விடியக் காலமை ஆறு மணிக்கே வெளிக்கிடுறன். அவள் வேலைக்குப் போக முதல் பிடிக்கவேணும்.

— கார்ச் சாவியை இஞ்சை தாங்கோ.

— கையை விடு கமலி. அவளுக்குத் தகப்பன் எப்பிடிச் செத்தவர் எண்டு தெரியிற உரிமை இருக்கு.

— ஓம். இருக்கு. ஆனால் அதை நீங்கள் சொல்லேலாது.

— நான் சொல்லாமல் ஆர் சொல்லுறது? அவன் இழுத்து இழுத்து மெசின் ஸ்டார்ட் வராததுக்கு நான்தானே காரணம்?

— வந்தது அண்ணை. முதல் இழுவையிலையே ஸ்டார்ட் வந்தது. நான்தான் நித்திரை குழம்பி சன்னலைத் திறந்து, “மனிசர் படுக்கிறேல்லையோ, நிப்பாட்டுங்கோ உந்த மெசினை” எண்டு கத்தினனான், அவர் மறுகதை கதைக்காமல் நிப்பாட்டிப்போட்டு, சவளை எடுத்துக்கொண்டு போனவர்.