வண்டி ஓடாத நாட்கள்

என் வீட்டுக்காரர் வைக்கும் கருவாட்டுக் குழம்பை நீங்கள் ஒருநாள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் மேடம். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, மண்சட்டியில் சுண்டவிட்டு இறக்குவார். ஆம்பளை சமைத்தால் அடுப்படி நாசம் என்பார்கள். நாசம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வாய் வைத்துவிட்டால் பாத்திரம் கழுவுகிற அலுப்பே தெரியாது. அந்தக் குழம்பை நான் முதன்முதலில் சாப்பிட்டது வண்டி நின்றுபோன நாளில். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

நான் களமருதூர்க்காரி. பேர் மலர்விழி. கல்யாணமாகிக் கல்வராயன் மலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊரில் கார் என்றால் அவருடைய பழைய டீசல் வண்டி ஒன்றுதான். சந்தைக்குப் போக வேண்டுமா, அருவி பார்க்க வந்தவர்களை ஏற்ற வேண்டுமா, சேலத்துக்கா, சென்னைக்கா, எல்லாவற்றுக்கும் அவர்தான். கோழி கூவும் முன்னே போவார். திரும்புவது அவர் கையில் இல்லை, சவாரிக்காரர்கள் கையில். வந்தாலும் சாப்பிட்ட தட்டுமேலேயே தூங்கி விழுவார். புதுப்பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். நான் சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கோகிலவாணிதான் அதைக் கேட்டுச் சிரித்து, அப்படியே சிநேகிதியானாள். அவள் புருஷன் கேரளாவில் மிளகு எஸ்டேட்டில் வேலை. அவளும் சுவரோடு பேசுகிறவள்தான், முழுகாமல் வேறு இருந்தாள்.

ஒருநாள் வண்டி கீச்கீச்சென்று கத்திக்கொண்டே வந்து வாசலில் நின்றது. கச்சிராயபாளையத்திலிருந்து மெக்கானிக் கண்ணாயிரம் அண்ணன் வந்தார். பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அந்தப் பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்தேன்.

"நல்ல புல்லி கம்முனு சுத்தும்மா. இது பாரு, சோத்துல கல்லு கடிச்ச மாதிரி கரகரங்குது. மண்ணு பூந்து உள்ள பேரிங்கு போயிடுச்சி. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா ஜாம் ஆயி வண்டி நின்னுருக்கும்."

"மண்ணு பூந்தா போயிடுமாண்ணே?"

"பூந்தா அவ்ளோதான்."

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு வெகுளியாகத்தான் கேட்டேன்.

புதுப் புல்லி சேலத்திலிருந்து வர வேண்டும் என்றார். வருகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் வீட்டில். ஐயோ மேடம், அந்த நாட்களை எப்படிச் சொல்வேன். கருவாட்டுக் குழம்பு வைத்தார். எனக்குத் தலை பின்னிவிடுகிறேன் என்று சிக்குப் போட்டு வைத்தார். நகராத வண்டியில் என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, "கிளட்ச மிதி, கியரப் போடு" என்று வாயாலேயே இன்ஜினை உறுமவிட்டார். நான் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப, அவர் பாம் பாமென்று ஹாரன் அடித்தார். கோகிலா வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். "கன்னியாகுமரிக்கு டிக்கெட்டு எவ்ளோங்க டிரைவரக்கா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. வாசலைத் தாண்டாமல் ஊரெல்லாம் சுற்றினோம்.

புல்லி வந்தது. அண்ணன் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, பெல்ட்டை ஏற்றி, சத்தம் இல்லை என்று காட்டிவிட்டுப் போனார். மறுநாள் கோழி கூவவில்லை, இவர் போய்விட்டார்.

பத்து நாள் பொறுத்தேனோ என்னவோ. அவர் மத்தியானம் குட்டித் தூக்கம் போட்ட நேரத்தில் பானெட்டைத் திறந்தேன். புல்லி நடுவில் ஒரு சின்ன மூடி இருக்கும். ஊக்கால் நெம்பி எடுத்து, உள்ளே இருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, ஓடையில் சலித்த பொடிமணலை ஒரு சிட்டிகை வைத்தேன். உப்புப் போடுகிற அளவுதான். மூடியை அழுத்திவிட்டேன். மனசு திருவிழா ராட்டினத்தில் ஏறின மாதிரி இருந்தது.

ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிரேக்கில் நான் கை வைக்கவில்லை. வளைவும் நெளிவுமான மலைப்பாதை, பிரேக்கில் கை வைத்தால் அது கொலை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. புல்லி போனால் பெல்ட் நிற்கும், இன்ஜின் சூடாகும், வண்டி ஓரமாக நிற்கும், மனுஷன் வீட்டுக்கு வருவார். யாருக்கு என்ன நஷ்டம்?

வந்தார். மறுபடியும் குழம்பு, மறுபடியும் சிரிப்பு. "இன்னாடி இது, கண்ணு பட்டுப்போச்சா?" என்று கேட்டார். திருஷ்டிதான் என்று நானும் சொன்னேன். பூசணிக்காயில் சூடம் ஏற்றி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து உடைத்ததும் நான்தான். எங்கள் சந்தோஷத்தின் மேல் ஊர்க்கண் படாமல் இருக்கட்டும் என்று மனசாரத்தான் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த தடவை கண்ணாயிரம் அண்ணனுக்கே சலித்துவிட்டது. புல்லியை மாற்றிவிட்டு, கை கழுவும்போது இன்னொரு புதுப் புல்லியை என் கையில் கொடுத்தார். "இந்த மலையில தூசி ஜாஸ்திம்மா. ஸ்பேரா வச்சிக்க. உன் வீட்டுக்காரரு கலையரசனுக்குத்தான் மாட்டத் தெரியுமே" என்றார். இவர் அப்போது வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தார். நான் அதைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தேன். மாற்று கையிலேயே இருந்தால் அவர் எதற்கு வீட்டில் இருக்கப் போகிறார்?

பிறகு நான்காவது தடவை. வண்டி வாசலில் நின்றது. நான்தான் கண்ணாயிரம் அண்ணனுக்குப் போன் போட்டு, வண்டி நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன், நாளைக்கு வருகிறேன் என்றிருந்தார். மத்தியானம் கோகிலாவுக்கு நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. கூடவே ரத்தம். வந்து பார்த்த நர்ஸம்மா உடனே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போங்கள் என்றார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். அது வேறொரு கேஸோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது, திரும்பி வர வேண்டும். ரத்தம் போகிறவளைப் பைக்கில் எப்படி உட்காரவைப்பது? இவர் அவளைத் தூக்கி எங்கள் வண்டியின் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து ஜாம் ஆகிப்போன புல்லியைத் தட்டினார், திட்டினார், அழுதார். "ஒரே ஒரு புல்லி இருந்தா அரை மணியில கிளம்பிடுவேன்டி" என்றார். பெல்ட் இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாமா என்றார். எங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினதும் ஏற்றம்தான், இன்ஜின் கொதித்து பாதி வழியில் நின்றுவிடும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அரிசிப் பானை இருபது அடி தூரத்தில் இருந்தது. எனக்கு அது ஞாபகம் இல்லாமல் இல்லை மேடம். எடுத்துக் கொடுத்தால், ஏன் ஒளித்தாய் என்று கேட்பார். மண் போட்டது வரைக்கும் வரும். வந்தால் என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார். அதுவும் போக, ஆஸ்பத்திரிக்குப் போனால் எத்தனை நாள் அங்கேயே இருப்பாரோ. ஆம்புலன்ஸ்தான் வருகிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா, வண்டி கிளம்பிடுச்சா?" என்று கேட்டாள்.

"கிளம்பிடுச்சிம்மா, போய்க்கினுதான் இருக்கோம்" என்றேன். வாயால் இன்ஜினை உறுமிக் காட்டினேன். லேசாகச் சிரித்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. மலை இறங்குவதற்குள் பிள்ளை பிறந்தது, அவள் போய்விட்டாள். அவள் புருஷன் வந்து, அழுது, பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் கொஞ்சநாள் எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை, கண்ணாயிரம் அண்ணனையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பால் கரைப்பது, தூளி ஆட்டுவது, துணி அலசுவது, பூராவும் அவர்தான். பொம்பளைப் பிள்ளை, சுருட்டை முடி. வாசலில் மூன்று பேரும் வெயில் காய்வோம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதையெல்லாம் பார்க்கக் கோகிலாவுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

நேற்று கண்ணாயிரம் அண்ணன் துக்கம் கேட்க வந்தார். "அந்த ஸ்பேர் புல்லியப் போட்டுக்கினு கிளம்பியிருக்கலாமே கலை" என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உள்ளே போய் அரிசிப் பானையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். மறைக்கவில்லை மேடம், கேட்டதும் கொடுத்துவிட்டேன். மண் போட்டது நான், புல்லியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது நான். அதையும் சொல்லிவிட்டேன். அவர் அந்தப் புல்லியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

காலையில் பஸ்ஸில் இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மலை இறங்கினது இதுதான் முதல் தடவை. எனக்கு ஜன்னல் சீட்டு. புகார் எழுதிக் கொடுத்தது அவர்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எழுதட்டும், கோபம் இருக்காதா? ஆனால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள் மேடம், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து அந்த வாசலிலேயே நிற்கிறார். எனக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்.