ஐஸ் இருக்குன்னு சொல்ல இம்புட்டு கோடா

...அதான்ணே சொல்றேன், நம்ம கம்ப்யூட்டர் கடையில இந்த வனிதாப் புள்ளைய வேலைக்கு வச்சதே தப்பு! கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க, பஸ்ஸு வேற குலுங்குது, மடியில கம்ப்யூட்டர் பொட்டி இருக்கு. ஆங்... ஜெகதாப்பட்டினத்துல ஷர்லி அக்கா ஐஸ் கம்பெனி வச்சிருக்காங்க. கடலுக்குப் போற போட்டுக்காரங்க போன்ல அவுங்க வெப்சைட்டத் தொறந்தா 'ஐஸ் இருக்கு', 'ஐஸ் இல்ல', அம்புட்டுத்தான் தெரியணும். வனிதா என்ன செஞ்சுச்சு? யாரோ எழுதி வச்ச குட்டியூண்டு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிய எடுத்து, ஒத்த வரி கோடுல சேத்து, அரை மணி நேரத்துல முடிச்சிருச்சு! 'இருக்கு', 'இல்ல'ன்னு அக்காவே நோட்பேட்ல தொறந்து மாத்திக்கிட்டு இருந்தாங்க.

இதெல்லாம் ஒரு வேலையாண்ணே? வெளிநாட்டுக் கம்பெனியெல்லாம் பிரேம்வொர்க்குன்னு மூட்டை மூட்டையா ரெடிமேட் கோடு வச்சுப் பண்றான். வனிதா போட்டத எடுத்துட்டு நானும் ஒண்ணு போட்டேன், இருக்குறதுலயே பெருசா! அத முறையா பில்டு பண்ணி, சுருக்கித்தான் ஏத்தணுமாம். அப்புடிச் சுருக்குற டூலு சொன்ன பேச்சு கேக்கல. போடான்னு அப்புடியே ஏத்திட்டேன். வனிதா தலையில அடிச்சுக்கிச்சு. "அண்ணே, சுருக்காம ஏத்துனா அம்புட்டு வேலையும் போட்டுக்காரங்க போனு தலையில விழுகும்ணே"ங்குது. விழுகட்டுமே! அது சும்மாதான கெடக்கு?

தொறைமுகத்துல சிக்னலு ஒத்தக் கோடு. வெப்சைட்டு தொறக்காம வெறும் வெள்ளையா நிக்குது. பெரியகருப்பன்னு ஒரு போட்டுக்காரரு, வெள்ளையாத் தெரிஞ்சா ஐஸ் இருக்குன்னு அர்த்தம்னு நெனச்சு வந்துட்டாரு. தங்கமான மனுசன்! மத்தவங்கெல்லாம் வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க. மூணு நாளா ஐஸ் போகாமத் தேங்கிக் கெடக்கு. அக்கா போன்ல அழுகுறாங்க. அதான் சரி பண்ணக் கெளம்பிட்டேன்.

என்னது, கடையில இருந்தே மாத்தலாமேவா? மாத்தலாம்ணே... மாத்தலாம். ஆனா பொட்டியத் தூக்கிக்கிட்டு நேர்ல போயி, ரெண்டு மணி நேரம் கீபோர்டத் தட்டுனாத்தான நம்ம வேலைக்கு ஒரு மரியாத?

இருங்க, போனு... அக்கா! அறந்தாங்கி தாண்டியாச்சுக்கா, வந்துக்கிட்டே இருக்கேன்! ...என்னது? வனிதா போன்லயே சொல்லிக் குடுத்துச்சா? நீங்களே பழசப் போட்டுட்டீங்களா? ...சரிங்கக்கா. சேச்சே, கோவமெல்லாம் இல்லக்கா. ஐஸ் போகுதுல்ல? அது போதும்.

...உண்மையச் சொல்லிர்றேண்ணே. அந்தப் புள்ள போட்டது நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எட்டு மாசமா அக்கா என்னைய ஒரு தடவகூடக் கூப்புடல. வயித்தெரிச்சலா இருந்துச்சு. யாரும் கேக்காம நானாத்தான் போயி மாத்துனேன்.

அது கெடக்கட்டும்... ஒங்களுக்குக் கடை, கம்பெனின்னு எதுனா இருக்காண்ணே? ஒரு வெப்சைட்டு போட்டுத் தரவா? அண்ணே, எங்க எந்திரிக்கிறீங்க? ஸ்டாப்பு இன்னும் வரலண்ணே! அண்ணே...